பேட்டரி மூடி உடைந்த கேமராவும் பசை டியூபும்

2005-ஐ ஒட்டி வீட்டுக்கு வீடு இருந்த சின்ன டிஜிட்டல் கேமராக்கள், செல்போன் வந்ததும் பீரோவுக்குள் போய்விட்டன. இப்போது அவை மறுபடியும் கேமரா பழுதுபார்க்கும் என் மேசைக்கு வருகின்றன. அந்தக் காலத்து சிசிடி சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) தரும் நிறம் பிடித்துப்போய், கல்லூரிப் பிள்ளைகள் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அடிக்கடி வரும் புகார் ஒன்றுதான்: பேட்டரி மூடி நிற்கவில்லை.

சர்வீஸ் கூலி கேமராவின் விலையைத் தாண்டிவிடும் என்பதால், ஆளாளுக்கு ஒரு கைவைத்தியம் பார்த்துவிட்டு, அது சரிவராமல் போன பிறகுதான் கடைக்கு வருகிறார்கள். கைவைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை. விலை மலிவான கேமராவுக்கு அதுதான் நியாயம். வெளியே கட்டுவதும், வேண்டாம் என்றால் கழற்றிவிடக்கூடியதும் எதுவாக இருந்தாலும் தாராளமாகச் செய்யுங்கள். கேமரா பாழாவது பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான்: பசை, ஸ்க்ரூ டிரைவர்.

முதலில் அந்த மூடி ஏன் உடைகிறது என்று பார்ப்போம். பென்சில் பேட்டரி போடும் கேமராவில் மூடியைப் பிடித்துக்கொள்வது ஒன்றிரண்டு பிளாஸ்டிக் கொக்கிகள். கடுகு அளவுதான் இருக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் பேட்டரியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கேமரா அணைந்திருந்தாலும் அந்த அழுத்தம் ஓயாது. பேட்டரியோடு பீரோவில் வைத்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் அந்தக் கொக்கிதான் முழுச் சுமையையும் தாங்குகிறது. பிறகு ஒருநாள் விரலால் லேசாகத் தள்ளும்போது பட்டென்று போய்விடும். கீழே போட்டு உடைத்தவர்களைவிட, "ஒண்ணுமே பண்ணல அண்ணா, திறந்தேன், உடைஞ்சிருச்சு" என்று சொல்பவர்கள்தான் அதிகம். அவர்கள் பொய் சொல்வதில்லை.

மூடி என்றால் வெறும் மூடி என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேட்டரி போடும் மாடல்களில் மூடியின் உட்புறம் ஒரு உலோகத் தகடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பேட்டரியின் பிளஸ்ஸையும் அடுத்ததன் மைனஸையும் இணைப்பது அந்தத் தகடுதான். மூடி இறுக்கமாக அழுத்தவில்லை என்றால் மின்சாரம் தடுமாறும். லென்ஸ் வெளியே வரும்போதும் ஃப்ளாஷ் சார்ஜ் ஆகும்போதும் கேமரா ஒரு ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். தகடு சரியாகப் படாமல் அரை ஓம் தடை வந்தாலே, ஒரு ஆம்பியருக்கு அரை வோல்ட் அங்கேயே போய்விடும். இரண்டு பேட்டரி சேர்ந்து தருவதே மூன்று வோல்ட். அதில் அரை வோல்ட் குறைந்தால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கேமரா முடிவு செய்துவிடும்.

"புது பேட்டரிதான் போட்டேன், லென்ஸ் பாதியில நின்னுருச்சு" என்று ஒரு பெண் கொண்டுவந்த கேமராவில் லென்ஸுக்கு ஒன்றுமே இல்லை. மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தேன். ஒழுங்காக வேலை செய்தது. இந்தச் சோதனையை நீங்களே வீட்டில் செய்துவிடலாம். அழுத்தினால் ஓடுகிறது என்றால் கோளாறு மூடியில்தான். லென்ஸ் போச்சு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து உள்ளே இருக்கும் முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது பேட்டரி கசிந்த உப்பு. அல்கலைன் பேட்டரியில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அது காரம். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் கரையும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். சாறு வழிய விடக்கூடாது, கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது. உப்பு இல்லாமல் மங்கி மட்டும் இருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரே போதும். தேய்த்த துகளை மட்டும் ஊதிவிடுங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான பேட்டரியை இதில் போடாதீர்கள், அதற்கு இந்த இழுப்பைத் தாங்கும் தெம்பு கிடையாது. சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிதான் சரி.

சரி, மூடியை எதால் பிடிப்பது? ரப்பர் பேண்ட் போட்டு வருகிறவர்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் அது சில வாரங்களில் இளகி ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் காய்ந்து அறுந்துவிடும். நடுவில் லென்ஸ் மேல் நழுவினால் லென்ஸ் மோட்டாருக்கும் தொல்லை. கறுப்பு இன்சுலேஷன் டேப் அவசரத்துக்குப் பரவாயில்லை. சூட்டில் அதன் பசை கசிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும். துணி டேப் அதைவிட மேல். பொருள் கட்டும் வெல்க்ரோ பட்டை இன்னும் மேல், பேட்டரி மாற்றும்போது பிரித்து மறுபடி ஒட்டலாம்.

எனக்குப் பிடித்தது பட்டை வைத்துத் திருகும் முறை. பெரும்பாலான சின்னக் கேமராக்களில் பேட்டரி மூடி அடியில்தான் இருக்கும், பக்கத்திலேயே ட்ரைபாட் (முக்காலி ஸ்டாண்ட்) மாட்டும் துளையும் இருக்கும். அந்தத் துளையின் மரை உலகம் முழுக்க ஒரே அளவு: கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. ஒரு அலுமினியப் பட்டையை மூடி வரை நீளும்படி வெட்டி, ஒரு முனையில் துளை போட்டு, போல்ட்டால் ட்ரைபாட் துளையில் முறுக்கினால், மறுமுனை மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய ஓரத்தை அரத்தால் ராவி, பட்டை முழுவதும் டேப் சுற்றிவிடுங்கள். உலோகம் எங்கும் நேராகப் படக்கூடாது. போல்ட்டின் நீளத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கேமராவுக்குள் நாலைந்து மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நீளமான போல்ட்டை முறுக்கிக்கொண்டே போனால் அது உள்ளே முட்டி பாடியைப் பிளந்துவிடும். நீளம் கூடுதலாக இருந்தால் வாஷர் போட்டுக் குறையுங்கள். இறுக்குவதற்கு விரல் போதும், ஸ்பானர் வேண்டாம்.

பட்டையான லித்தியம் பேட்டரி போடும் மாடல்களில் கதை வேறு. அங்கே பேட்டரியைத் தனியாக ஒரு கொக்கி பிடித்திருக்கும், மூடிக்குச் சுமை குறைவு. ஆனால் மூடியில் இருக்கும் சின்ன முளை உள்ளே ஒரு சுவிட்சை அழுத்தும். அது உடைந்தால் கேமரா உயிரே காட்டாது. அந்த முளை போய் அழுத்தும் குழியில் மடித்த காகிதத்தைச் செருகினால் ஆன் ஆகிவிடும். செய்யலாம், ஆனால் அதற்குப் பிறகு மூடி திறந்திருப்பது கேமராவுக்குத் தெரியாது. படம் பதிவாகிக்கொண்டிருக்கும்போது கார்டை உருவினால் அதில் இருப்பது எல்லாமே போய்விடலாம். அணைத்துவிட்டு, விளக்கு நின்ற பிறகு எடுங்கள். இந்தக் கேமராக்களில் சிகரெட் அட்டைத் தகடு, அலுமினியத் தாள் எதையும் திணிக்காதீர்கள். லித்தியம் பேட்டரியின் முனைகள் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கலாம்.

இப்போது பசை. நொடியில் ஒட்டும் பசையைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள். அதன் ஆவி, தொட்ட இடத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். தடயவியல் துறையில் கைரேகையை வெளிக்கொண்டு வரவே இந்த ஆவியைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியில் பசை போட்டு, காயாமல் மூடி, பையில் வைத்தால் ஆவி வெளியேற வழியில்லை, உள்ளேதான் சுற்றும். லென்ஸின் உட்பக்கம் படிந்ததை முழுக்கப் பிரிக்காமல் துடைக்க முடியாது. போதாக்குறைக்கு அந்தப் பசை தண்ணீர் போல ஓடும், சுவிட்சுக்குள்ளும் கீலுக்குள்ளும் இறங்கி உறைந்துவிடும். இத்தனைக்கும் கொக்கி ஒட்டுமா? கடுகளவு பரப்பில் ஒட்டியது ஸ்பிரிங்கின் தள்ளலைத் தாங்காது. இரண்டு டியூபைக் கலந்து பூசும் எபாக்சி இந்த அளவுக்கு ஆவி விடாது, ஆனால் கொக்கி விஷயத்தில் அதுவும் நிற்காது.

ஸ்க்ரூ டிரைவர் விஷயத்தைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஃப்ளாஷ் உள்ள எந்தக் கேமராவிலும், ஒருமுறை எடுத்துத் தூக்கிப்போடும் ஃபிலிம் கேமரா உட்பட, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. பேட்டரி சில வோல்ட்தான், கெபாசிட்டரில் ஏறுவது கிட்டத்தட்ட 300 வோல்ட். பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். வீடியோவைப் பார்த்து நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் பல மாடல்களில் விரல் நேராக அதன் மேல்தான் போய் நிற்கும். சிலருக்கு உதறலோடு போகும், இதயக் கோளாறு உள்ளவருக்கு அது விளையாட்டு இல்லை. ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்து இறக்குவதும் தவறு, பொறி பறந்து சர்க்யூட்டும் போகும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

லென்ஸ் சிக்கினால் கையில் தட்டுவது, தையல் மெஷின் எண்ணெய் விடுவது, பஞ்சர் கடையில் காற்றடிப்பது, எதுவும் வேண்டாம். தட்டினால் பிளாஸ்டிக் பற்சக்கரம் போகும். எண்ணெய் ஷட்டர் தகடுகளுக்குப் பரவி அவற்றை ஒட்டிவிடும். கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் ஈரமும் சேர்ந்தே வரும், மணலை இன்னும் உள்ளே தள்ளும். கையால் அமுக்கும் ரப்பர் புளோயர் போதும்.

பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் விலை பேசும் முன் மூடியை நாலு முறை திறந்து மூடிப் பாருங்கள், உட்புறத் தகட்டையும் கொக்கியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மூடி ஏற்கெனவே போயிருந்தால், அதே மாடலில் லென்ஸ் செத்த கேமரா ஒன்றைப் பழைய எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடலாம். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. ஒரே வரிசையில் வந்த அடுத்தடுத்த மாடல்களுக்கு மூடி ஒன்றாக இருப்பதும் உண்டு, அதனால் மாடல் எண்ணோடு கேமராவையும் கையில் கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்து மறுபடி பீரோவில் வைப்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள்.