புரோக்கர் கூட்டிவந்த வக்கீல் உங்கள் வக்கீல் இல்லை

நான் வக்கீல். புரோக்கர் கூட்டிவந்த வக்கீலை நம்பி வீடு வாங்கி மாட்டிக்கொண்டவர்களில், இந்த வருடத்தில் மூன்றாவது ஆள் என்னிடம் வந்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தோடு மகன் எடுத்த பேங்க் லோனையும் சேர்த்து, மதுரையில் 56 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்கினார். பால் காய்ச்சிக் குடிபோய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது கோர்ட்டிலிருந்து சம்மன். அவர் முன்பின் பார்த்திராத ஓர் அம்மா, அந்த வீட்டில் எட்டில் ஒரு பாகம் தனக்கு உண்டு என்று பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார்.

"ஈசி (வில்லங்கச் சான்று) சுத்தமா இருந்துச்சு சார். லீகல் ஒப்பீனியனும் வாங்கியிருக்கோம்" என்று ஃபைலை நீட்டினார். பத்திரங்களைப் பார்த்து வக்கீல் எழுதிய கருத்து இருந்தது, இரண்டு பக்கம். யாருக்காக எழுதியது என்று மேலே ஒரு பெயர்கூட இல்லை. வக்கீலை யார் வைத்தது என்று கேட்டேன். "புரோக்கர் கூட்டிட்டு வந்தாரு சார். ஃபீஸையும் அவரே பார்த்துக்கிட்டாரு." வக்கீலிடம் எத்தனை முறை பேசினீர்கள்? "பத்திர ஆபீஸ்ல பார்த்தேன். வணக்கம் சொன்னேன்."

ஃபைலில் ஒரு வாரிசுச் சான்று ஜெராக்ஸ் இருந்தது. வீட்டின் பழைய சொந்தக்காரர் இறந்ததும் அவர் குடும்பம் வாங்கியது. மனைவி, மகன், மகள், தாய் என்று நாலு பெயர். நாலாவது பெயருக்குப் பக்கத்தில் நீல மையில் 'இறப்பு' என்று எழுதி ஒரு கோடு. புரோக்கரின் கையெழுத்தாம். அடுத்த தாளே அந்தத் தாயின் இறப்புச் சான்று. தேதியைப் பார்த்தேன். சொந்தக்காரரான மகன் இறந்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் தாய் இறந்திருக்கிறார். கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் மனைவி, மகன், மகள் மட்டும்.

சுயமாகச் சம்பாதித்த சொத்தை வைத்துவிட்டு, உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மனைவி, பிள்ளைகளோடு சம பங்குக்காரர். ஆக நாலில் ஒரு பாகம் தாய்க்கு. தாய் இறந்ததும் அந்தப் பாகம் பேரன் பேத்திக்கு மட்டும் போகாது. அந்தத் தாய்க்கு ஒரு மகளும் இருக்கிறார். பாதி அவருக்கு, மீதிப் பாதி இறந்துபோன மகனின் பிள்ளைகளுக்கு. அந்த மகள்தான் இப்போது வழக்குப் போட்டிருப்பவர். இதெல்லாம் ஈசியில் ஏறாது. ஈசி என்பது பதிவான பத்திரங்களின் பட்டியல், அவ்வளவுதான்.

"அந்தப் பாட்டி தவறிட்டாங்க" என்று புரோக்கர் சொன்னபோது வக்கீல் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எப்போ? அவங்களுக்கு வேற பிள்ளைங்க இருக்காங்களா? நான் ஜூனியராகச் சேர்ந்த முதல் மாதம் முழுக்க என் சீனியர் கற்றுக்கொடுத்தது வம்சாவளி வரையத்தான். யார் முன்னால் இறந்தார், யார் பின்னால் என்று ஒவ்வொரு பெயருக்கும் கீழே தேதி எழுதாமல் ஒப்பீனியனைத் தொடவே விடமாட்டார். இங்கே அந்தத் தாள் ஃபைலில் இல்லை. வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்று சொல்லி வியாழக்கிழமை சாயங்காலம் ஃபைல் போயிருக்கிறது. அவசரம் என்று நான் அந்த வக்கீலை மன்னிக்கத் தயாராக இல்லை. நேரம் போதாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

ஆனால் என்னை அதிகம் வருத்துவது வாங்குகிறவர்களின் நினைப்புதான். "புரோக்கரும் வக்கீலும் தெரிஞ்சவங்க சார், அவங்களே பேசி முடிச்சிருவாங்க." எத்தனை பேர் இதை நிம்மதியோடு சொல்கிறார்கள்! தயவுசெய்து யோசியுங்கள். கிரயம் நடந்தால்தான் புரோக்கருக்குக் கமிஷன். ஒரு பர்சன்டோ இரண்டோ, பத்திரம் முடிந்த அன்றைக்குக் கைக்கு வரும். அதில் தப்பே இல்லை, அது அவர் தொழில். வக்கீலின் வேலை வேறு. தேவைப்பட்டால் "இந்த வீடு வேண்டாம்" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவர் அவர். கிரயம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவருக்கு ஒரே ஃபீஸ்தான் இருக்க வேண்டும். அந்த ஃபீஸைக் கொடுப்பதே புரோக்கர், அடுத்த மாதம் நாலு ஃபைல் அனுப்பப்போவதும் அவரே என்றால், "வேண்டாம்" என்ற வார்த்தை அந்த வக்கீல் வாயிலிருந்து எப்படி வரும்? ஆள் வைத்துக் கட்சிக்காரர் பிடிப்பதை பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. எங்கள் தொழிலில் அது ஒழுங்கீனம். செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதே நினைப்பின் தம்பிதான் "பேங்க்கே லோன் கொடுத்திருச்சு" என்பது. பேங்க் வக்கீல் பேங்க்குக்காகப் பார்க்கிறார். அவருடைய ரிப்போர்ட்டை வைத்து நீங்கள் யாரையும் எதுவும் கேட்க முடியாது. சார்பதிவாளர் பார்த்திருப்பார் என்பதும் வேண்டாம். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது பதிவு அதிகாரியின் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, புரோக்கரே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. எந்தப் பத்திரத்திலும் இல்லாத விஷயங்கள் அவர்களுக்குத்தான் தெரியும். போன வருடம் இதே வீட்டுக்கு வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அது புரோக்கர் காதுக்கு வந்திருக்கும். அந்த ஒப்பந்தம் பதிவாகாதது என்று அலட்சியமாக விட முடியாது. பதிவாகாத ஒப்பந்தத்தையும் காட்டிக் கிரயம் கேட்டு வழக்குப் போடலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனக்குப் பழக்கமான வயதான புரோக்கர் ஒருவர் இருக்கிறார். நான் வரைந்த வம்சாவளியை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு விற்பவரின் சொந்த ஊருக்கே போய் விசாரித்துவிட்டு வருவார். "சார், ரெண்டாவது பையனுக்கு முதல் சம்சாரம் ஒண்ணு இருந்திருக்கு, அதுல ஒரு பொண்ணு" என்று வந்து நிற்பார். அவரால் கிரயம் ஒரு மாதம் தள்ளிப்போகும். அப்புறம் நல்லபடியாக முடியும். இரண்டு தொழிலும் சேர்ந்து வேலை செய்வது என்றால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வரும்.

வாங்கப்போகிறவர்களுக்கு: வக்கீலை நீங்களே தேடிப் பிடியுங்கள். ஃபீஸை உங்கள் கையால் கொடுங்கள். ஒப்பீனியன் உங்கள் பெயருக்கு, கையெழுத்தும் தேதியும் போட்டு வரட்டும். ஜெராக்ஸ் போதாது, ஒரிஜினலையும் அதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்தையும் வக்கீல் கண்ணால் பார்க்கட்டும். புரோக்கர், வக்கீல், நீங்கள் மூவரும் ஒரு தடவையாவது ஒரே மேஜையில் உட்காருங்கள். புரோக்கர் வாயால் சொல்வதை வக்கீல் உங்கள் முன்னால் எழுதிக்கொள்ளட்டும். இதெல்லாம் அட்வான்ஸுக்கு முன்னால். டோக்கன் கொடுத்தே ஆக வேண்டும் என்று நெருக்கினால், பத்திரங்களை வக்கீல் பார்த்துச் சரியில்லை என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முகூர்த்தம் அடுத்த மாதமும் வரும்.

இந்த வழக்கின் புரோக்கரிடம் போனில் பேசினேன். "அந்தப் பிள்ளைங்களோட அத்தை திண்டுக்கல்ல இருக்காங்கன்னு தெரியும் சார். நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அவங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு வீட்ல சொன்னாங்க" என்றார். கல்யாணத்தில் போட்ட நகைக்கும் இந்தப் பாகத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் தெரிந்ததை அன்றைக்கு ஒரு வார்த்தை வக்கீலிடம் சொல்லியிருந்தால் அந்த அத்தை தன் பாகத்தை விட்டுக்கொடுக்கும் ஒரு விடுதலைப் பத்திரத்தோடு முடிந்திருக்கும். புரோக்கர் நண்பர்களே, குடும்பத்தில் கையெழுத்துப் போடாத ஒரு பெண் இருக்கிறார் என்று தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்சிக்காரர் உறவுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் போய் அந்த அம்மாவைப் பார்த்தார். காபி கொடுத்து உட்கார வைத்தாராம். "அன்னிக்கு அண்ணி வந்து கேட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லலை" என்று சொல்லியிருக்கிறார். இப்போது இன்றைய விலையில் எட்டில் ஒரு பங்கு கேட்கிறார். வாங்கிய விலைக்கே அது 7 லட்சம். லோன் தவணை இன்னும் 13 வருடம் பாக்கி.