வழுக்கி விழுந்தால் காயம் எங்கே படும்?

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பாசி பிடித்த குளத்துப் படியில் ஒருமுறையாவது வழுக்கி விழாதவர்கள் இங்கே குறைவு. விழுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்: உள்ளங்கை, முழங்கை, முழங்கால், நெற்றி, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு என்றுதான் காட்டுவார்கள். எலும்பு துருத்தி நிற்கும் இடம்தான் முதலில் தரையில் மோதும். இரண்டு தொடைகளின் பின்புறமும் உள்ளங்கால்களும் ஒரே சறுக்கலில் கன்றிப்போகாது.

போலீஸ் காவலில் இருந்தவர் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்று சொல்லப்படும்போது தடயவியல் மருத்துவர் பார்ப்பது முதலில் இந்த இடத்தை, அப்புறம் வடிவத்தை. லத்தி போன்ற உருண்டைக் கம்பு வேகமாகப் பட்டால், நேர் கீழே உள்ள ரத்தம் இரண்டு பக்கமும் ஒதுங்குகிறது. ஓரங்களில் தோல் இழுபட்டு நுண்குழாய்கள் கிழிகின்றன. அதனால் நடுவில் வெளுப்பும் இருபுறமும் தண்டவாளம் போல இரண்டு சிவந்த கோடுகளும் தெரியும். சமதரையில் விழுந்தவர் முதுகில் இது வராது.

ரத்தக்கட்டின் நிறத்தை வைத்து ‘இந்தத் தேதியில் அடித்தது’ என்று சொல்வதைத்தான் நம்பக்கூடாது. கசிந்த ரத்தத்தின் ஹீமோகுளோபின் சிதைந்து பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். மஞ்சள் தெரிந்தால் காயத்துக்குக் குறைந்தது 18 மணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். கைதான ஒரு மணி நேரத்தில் மஞ்சள் தெரிந்தால் அது பழைய காயம். இந்தக் கணக்கு போலீசுக்கும் உதவும். உண்மை யார் பக்கம் இருந்தாலும் சரி.

ஆழமான அடி வெளியே தெரிய ஓரிரு நாள் ஆகலாம். கறுத்த தோலில் அது இன்னும் மறைந்துகொள்ளும். முதல் பரிசோதனையில் ‘காயம் இல்லை’ என்று எழுதிவிட்டால் விஷயம் முடிந்துவிட்டதாக நினைப்பது பெரிய தவறு. கைதானவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று விதி வகுத்த டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும் என்றது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண்ணுக்குத் தெரியாததை ரத்தம் சொல்லும். சதை நசுங்கினால் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் ஏறி, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சம் தொட்டு, பிறகு இறங்கிவிடும். சிறுநீர் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனால் சிறுநீரகமே ஆபத்தில் இருக்கலாம்; உடனே ஆசாரிபள்ளம் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதெல்லாம் காகிதத்தில் ஏறினால்தான் வழக்கில் நிற்கும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி, கைதானவரைப் பரிசோதிக்கும் மருத்துவர் காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுதி, நகலை அவரிடமோ அவர் சொல்பவரிடமோ கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நாகர்கோவிலிலோ இரணியலிலோ குழித்துறையிலோ நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தும்போது வாய் திறந்து சொல்ல வேண்டும். பின்னால் நின்ற போலீசுக்குப் பயந்து ‘ஒன்றுமில்லை ஐயா’ என்று சொன்ன ஒரு வரி, பல மாதம் கழித்து எதிர்த்தரப்பின் ஆயுதமாகத் திரும்பி வரும்.

சாட்சி சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் போலீசாராகவே இருப்பார்கள். அதனால் காவலில் காயம் ஏற்பட்டால் அதை அந்த அதிகாரி ஏற்படுத்தியதாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தச் சொல்லி 1985இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அது இன்றுவரை சட்டமாகவில்லை. ஆகவே கேமராப் பதிவு பெரிய ஆதாரம். 2020இல் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, நிலையத்துப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப்போன நடுவர் கண்டார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்கச் சொன்னது. எந்த நாள், எந்த மணி, எந்த நிலையம் என்று குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கக் கோரும் மனுவை முதல் வாரத்திலேயே வக்கீல் மூலம் போட்டுவிடுங்கள்.