கண்ணாடிக் குழாயும் செயற்கை வால்வும்

பாம்புக்கடி என்று வருபவரின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். பிறகு குழாயைச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, அவசரத்தில் ஒருநாள் பிளாஸ்டிக் குழாயை எடுத்துவிட்டேன். மூத்த செவிலியர் அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார்: “இதுல நல்ல ரத்தமே சீக்கிரம் உறையாது டாக்டர்.”

அதே ரத்தம்தான், படும் பரப்பு மட்டும் வேறு. கண்ணாடி பட்டதும், உறைதலைத் தொடங்கிவைக்கும் ரத்தப் புரதமான 12ஆம் உறைதல் காரணி விழித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் அது மந்தம்.

இப்போது இதய வால்வு மாற்றியவர்களைத் தினமும் பார்க்கிறேன். “வால்வு வெச்சு அஞ்சு வருஷமாச்சு, உடம்போட ஒட்டியிருக்கும்ல, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்று, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு அந்தக் குழாயின் கதையைத்தான் சொல்கிறேன்.

அந்நியப் பொருள் எதுவாக இருந்தாலும், ரத்தம் பட்ட சில நொடிகளில் அதன்மேல் புரதங்கள் படிந்துவிடும். அணுக்கள் வந்து சேரும்போது அவற்றுக்குத் தட்டுப்படுவது இந்தப் படலம்தான். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் 100 மி.லி.க்குச் சுமார் 4 கிராம் இருக்கும் அல்புமின், பேருந்தில் துண்டு போடுகிற மாதிரி முதலில் இடம்பிடிக்கும். ஆனால் அதன் பிடி தளர்வு. அளவில் அதன் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஃபைப்ரினோஜன் பின்னால் வந்து, அதை எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதையும் பிறகு வேறு புரதங்கள் எழுப்பும். இந்த இடமாற்றத்தை 1960களில் கவனித்துச் சொன்னவர் ரத்தவியல் ஆய்வாளர் லியோ ஃப்ரோமன். டச்சு மொழியில் பெயர்பெற்ற கவிஞரும் அவரே என்பது எனக்குப் பிடித்த செய்தி.

அல்புமின் மூடிய இடத்தை, ரத்தம் உறைய உதவும் சிறு அணுக்களான தட்டணுக்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் போய்விடும். ஃபைப்ரினோஜன் படிந்த இடத்தில் அப்படி இல்லை. ரத்தத்தில் மிதக்கும்போது சும்மா இருக்கும் அந்தப் புரதம், பரப்பில் படிந்ததும் உருவம் விரிந்து தட்டணுக்களுக்குப் பிடிமானம் கொடுக்கிறது. அங்கே தொடங்குகிறது உறைகட்டி.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வில் கோபால்ட் கலந்த உலோகச் சட்டம், பாலிஎத்திலீன் தட்டு, பாலியெஸ்டர் தையல் வளையம் என மூன்று பரப்புகள் உண்டு. மற்ற இயந்திர வால்வுகளில் பெரும்பாலும் கார்பன். இயந்திர வால்வு என்றால், பொருள் எதுவானாலும் மாத்திரை ஆயுள் முழுக்கத்தான். தையல் வளையத்தின்மேல் திசு வளர்ந்து மூடும். திறந்து மூடும் தட்டின்மேல் வளராது, வளரவும் கூடாது.

சென்ற ஆண்டு ஓர் அம்மா வந்தார். பல் பிடுங்குவதற்காக மாத்திரையைத் தானாகவே நிறுத்தியவர், புண் ஆறியபிறகும் தொடரவில்லை. “ராத்திரி படுத்தா கடிகாரம் மாதிரி டிக் டிக்குன்னு கேக்கும் சார், ரெண்டு நாளா கேக்கல” என்றார். பேசும்போதே மூச்சு வாங்கியது. எக்ஸ்ரே திரையில் பார்த்தால் தட்டு பாதிதான் திறந்தது. உறைகட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றினோம். மறுநாள் ஸ்டெத் வைப்பதற்கு முன்பே, “கேக்குது சார்” என்றார்.

சாதாரணமாக ஒரு பல் எடுக்க, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு சரியாக இருந்தால் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தவே தேவையில்லை. பல் மருத்துவரிடம் வால்வு இருப்பதைச் சொல்லுங்கள். எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். வால்வுச் சத்தம் மங்கினாலோ புதிதாக மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்பி வாருங்கள்.