அனெக்டோட்டல்: பட்டவர் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

2006-இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டை உலுக்கியபோது என் அம்மாவும் படுத்தார். காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, மூட்டுவலி விடவில்லை. காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது, தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இரத்தப் பரிசோதனை முடிவையும் எக்ஸ்ரேயையும் புரட்டிப் பார்த்தவர், "எல்லாம் நார்மல்மா. மனசுல போட்டு உழப்பிக்காதீங்க" என்றார். "எங்க தெருவுலயே இன்னும் நாலு பேருக்கு இப்படித்தான் இருக்கு சார்" என்றேன் நான். "அதெல்லாம் அனெக்டோட்டல்" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அந்தச் சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். அம்மா வழி முழுக்க எதுவும் பேசவில்லை.

'அனெக்டோட்டல் எவிடன்ஸ்' என்று அறிவியலார் சொல்வது இதைத்தான்: முறையாக எண்ணியும் ஒப்பிட்டும் பார்க்காமல், ஒருவர் தனக்கோ தெரிந்தவருக்கோ நேர்ந்ததை மட்டும் வைத்துக் காட்டும் ஆதாரம். அதை நம்புவதில் எச்சரிக்கை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 'கஷாயம் குடித்தேன், மூன்றாம் நாள் காய்ச்சல் போய்விட்டது' என்று ஒருவர் சொல்லலாம். குடிக்காமல் இருந்தாலும் அந்தக் காய்ச்சல் மூன்றாம் நாள் போயிருக்கலாம். குடித்தவர் நூறு பேரையும் குடிக்காதவர் நூறு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கஷாயத்தின் பங்கு தெரியும்.

ஆனால் என் அம்மா எந்த மருந்தின் பலனையும் சொல்ல வரவில்லை. கை வலிக்கிறது என்றார், அவ்வளவுதான். மருந்து பலித்ததா என்பதற்கு ஒருவர் சொல் போதாது. வலிக்கிறதா என்பதற்கோ அவர் சொல்லைத் தவிர வேறு நேரடிச் சான்றே கிடையாது. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் தள்ளிவிடுவதில்தான் தவறு நேர்கிறது.

சொல்லின் பிறப்பு கிரேக்கத்தில். 'அன்' என்றால் இல்லை. 'எக்' என்றால் வெளியே. 'டிடோனாய்' என்றால் கொடுப்பது. 'அனெக்டோட்டா' என்றால் வெளியே கொடுக்கப்படாதவை, வெளியிடப்படாதவை. 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசன் ஜஸ்டினியனின் காலத்தில் வாழ்ந்த புரோகோப்பியஸ் என்ற வரலாற்றாசிரியர், அரசனைப் பற்றியும் அரசி தியோடோராவைப் பற்றியும் வெளியில் சொல்ல முடியாதவற்றை எழுதி வைத்தார். அவர் உயிரோடு இருந்தவரை அது வெளிவரவில்லை. பின்னாளில் அதற்கு நிலைத்த பெயர்தான் 'அனெக்டோட்டா'. வாத்திக்கன் நூலகத்தில் கிடைத்த அதன் படி 1623-இல் அச்சேறியது. அதன் பிறகு ஐரோப்பிய மொழிகளில் இந்தச் சொல் மறைத்து வைத்த வரலாற்றைக் குறித்து, பிறகு அரண்மனைக் கிசுகிசுவைக் குறித்து, கடைசியில் சிறு சுவையான கதை என்ற அளவுக்குச் சுருங்கியது. நாம் 'துணுக்கு' என்பது இந்தக் கடைசிப் பொருளைத்தான்.

வேர்ப்பொருளை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. வெளியிடப்படாதது என்பது பொய் என்று ஆகாது. யாரும் இன்னும் கேட்டு எழுதவில்லை என்று மட்டும்தான் ஆகும்.

கேட்டு எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1955 ஜூலை முதல் நவம்பர் வரை ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் பணியாளர்கள் 292 பேர் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். தொண்டைவலி, தலைவலி, தசைவலி, கைகால் தளர்ச்சி, தீராத சோர்வு. பெரும்பாலோர் செவிலியரும் பிற பெண் பணியாளர்களும். மறு ஆண்டே அதற்கு 'மயால்ஜிக் என்கெஃபலோமயலைட்டிஸ்', அதாவது தசைவலியோடு கூடிய மூளை, தண்டுவட அழற்சி, என்று பெயர் வைத்தார்கள். யாரும் இறக்கவில்லை என்பதால் முன்னால் 'தீங்கற்ற' என்ற அடைமொழியும் சேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்களின் நோய்க்கு அப்படி ஓர் அடைமொழி. 1970-இல் மெக்எவெடி, பியர்ட் என்ற இரண்டு உளமருத்துவர்கள் பழைய குறிப்புகளை வைத்து, அது கூட்டு ஹிஸ்டீரியா, அதாவது கூட்டமாகப் பரவும் மனக் கோளாறு, என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்களே மிகுதி என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. ஹிஸ்டீரியா என்ற சொல்லின் வேரே கிரேக்க மொழியில் கருப்பைதான்.

பரிசோதனையில் எதுவும் சிக்காததால் அந்த எண்ணம் பல பத்தாண்டுகள் ஓயவில்லை. பிறகு இந்த நோய்க்கு 'நாட்பட்ட சோர்வு' என்ற பெயரும் சேர்ந்தது. உடற்பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், சரியாகிவிடும் என்றார்கள். 'கூட்டினால் மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை' என்று நோயாளிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதுவும் அனெக்டோட்டல் ஆயிற்று. 2015-இல் அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' அமைப்பின் அறிக்கை, இது உடல் முழுவதையும் தாக்கும் கடுமையான நோய் என்றும், உழைப்புக்குப் பின் நிலை மோசமாவதே இதன் முதன்மை அடையாளங்களில் ஒன்று என்றும் சொன்னது. 2021-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறி, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டது. நோயாளிகள் முதலிலிருந்தே சொல்லி வந்ததுதான் கடைசியில் அச்சில் வந்தது.

சிக்குன்குனியாவும் அப்படித்தான். 2005-06இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் நோய் கண்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், மூட்டுவலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிப்பதைப் பதிவு செய்தன. இன்றைக்கு அது எல்லா மருத்துவருக்கும் தெரிந்த செய்தி. அந்த நோயின் பெயரே தான்சானியாவின் மக்கொண்டே மொழியில் வலியால் உடம்பு வளைந்து போவதைக் குறிப்பது. பட்டவர்கள் தங்கள் உடம்பைப் பார்த்துச் சொன்ன சொல்தான் நோயின் உலகப் பெயராக நிற்கிறது. கோவிட் விட்ட பிறகும் தொல்லை நீடிப்பதற்கு 2020-இல் 'லாங் கோவிட்' என்ற பெயரையும் நோயாளிகள்தான் வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை அடுத்த ஆண்டு அக்டோபரில் வந்தது.

இனி தமிழுக்கு வருவோம். 'செவிவழிச் செய்தி' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அது தவறு. செவிவழி என்றால் பிறர் சொல்லிக் கேட்டது. என் அம்மா தன் விரலை யாரிடமும் கேட்டு அறியவில்லை. 'வாய்மொழிச் சான்று' என்பது எழுத்தில் இல்லை என்பதை மட்டும் சொல்கிறது. மருத்துவர் ஒருவர் தான் பார்த்த ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதினால் அதைத் 'தனிநிகழ்வுச் சான்று' எனலாம், பொருந்தும். பட்டவரே சொல்வதற்கு வேறு சொல் வேண்டும்.

அது நம்மிடம் இருக்கிறது என்பது என் கருத்து. அருணந்தி சிவாச்சாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூல், எதை வைத்து ஒன்றை அறிகிறோம் என்பதை அளவைகளாகப் பிரிக்கிறது: நேரே அறியும் காட்சி, ஊகித்து அறியும் கருதல், பிறர் சொல்லால் அறியும் உரை. காட்சியை மறுபடி நான்காக்குகிறது. ஐம்பொறியால் அறிவது வாயிற்காட்சி; மனத்தால் அறிவது மானதக் காட்சி; யோகியர் அறிவது யோகக் காட்சி. இவற்றோடு இன்னொன்றையும் வைக்கிறது: தன்வேதனைக் காட்சி. தன் இன்ப துன்பத்தைத் தான் உணர்வது. அதாவது, எனக்கு வலிக்கிறது என்று நான் அறிவது கருதலும் இல்லை, உரையும் இல்லை. கண்ணால் மரத்தைப் பார்ப்பதைப் போல அதுவும் காட்சி. வேதனை என்பது வடமொழியில் 'வித்', அறிதல் என்ற வேரில் பிறந்தது. தமிழில் துன்பம் என்ற பொருளே ஊன்றிவிட்டது. இரண்டு பொருளும் இங்கே ஒன்றாகப் பொருந்தி நிற்கின்றன.

கேட்கும் மருத்துவருக்கு அது உரை. அதை அவர் சோதிக்கலாம், சோதிக்கத்தான் வேண்டும். வலிக்குக் காரணம் இன்னது என்று நோயாளி சொல்வது தவறாக இருக்கலாம். வலியே இல்லை என்று மட்டும் மருத்துவர் சொல்ல முடியாது. வலி பற்றிய ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கமும் 2020-இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலி என்று சொல்வதை மதிக்க வேண்டும் என்று குறிப்பு எழுதியது.

'தன்வேதனைச் சான்று' ஏட்டுச் சொல்லாக இருக்கிறதே என்பவர்களுக்கு 'பட்டறிவுச் சான்று' இருக்கிறது. அனுபவத்துக்கு நாம் வழங்கும் பட்டறிவு என்ற சொல்லில் பட்ட பாடும் அறிவும் ஒட்டிப் பிறந்திருக்கின்றன. நோய் என்ற சொல்லும் நோதலில் வருவதுதான். யாழ்ப்பாணத்தில் இன்றும் 'வயிறு நோகுது' என்பார்கள். திருக்குறளின் மருந்து அதிகாரம் கடைசிக் குறளில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது மருத்துவனுக்கும் மருந்துக்கும் முன்னால் வைப்பது உற்றவனை, நோயை உற்றவனை. 'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதும் இதே அளவைதான்.

அம்மாவை அதற்குப் பிறகு பக்கத்து ஊரில் ஒரு வயதான மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அவர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் முன், "உக்காருங்கம்மா, உடம்புக்கு என்ன பண்ணுது?" என்றார். அம்மா இருபது நிமிடம் பேசினார்.