பல் இருந்தால்தான் காலாட்படை

வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு (1861–1865) ஆள் எடுத்த மருத்துவர்கள் கண், கால் இவற்றோடு வாயையும் திறந்து பார்த்தார்கள். மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்தும் முன்பற்கள் இல்லாதவனைக் காலாட்படைக்கு ஆகாது என்று கழித்துவிடலாம். சண்டைக்குப் போகிறவனுக்குப் பல் எதற்கு? துப்பாக்கி சுடத்தான்.

அன்றைய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி கிட்டத்தட்ட 1.4 மீட்டர் நீளம், நாலு கிலோ எடை. பின்பக்கம் திறப்பு கிடையாது. வெடிமருந்தும் குண்டும் குழலின் வாய் வழியாகவே உள்ளே போக வேண்டும். தோட்டா என்றதும் பித்தளைக் குப்பியை நினைக்காதீர்கள். மளிகைக் கடையில் கடுகு மடித்துத் தருவார்களே, அதுபோல ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே சுமார் 4 கிராம் கருமருந்து, 30 கிராமுக்கு மேல் எடையுள்ள ஈயக் குண்டு. இடுப்புப் பெட்டியில் இப்படி 40 பொட்டலங்கள்.

ஒரு கை துப்பாக்கியைப் பிடித்திருக்கும், மறு கை பொட்டலத்தை. கிழிக்க மிச்சம் இருப்பது பல்தான். “கிழி தோட்டா!” என்பது பயிற்சிக் கட்டளைகளில் ஒன்று. கடித்துக் கிழி, மருந்தைக் குழலில் கொட்டு, குண்டை வை, இடிக்கும் கம்பியை உருவு, இடித்து இறக்கு, கம்பியைத் திரும்பச் செருகு, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைப் பொருத்து. ஒன்பது படிகளாகச் சொல்லிக் கொடுத்த இந்த வேலையைப் பழகியவன் நிமிடத்துக்கு மூன்று முறை செய்தான்.

தோட்டாவைக் கடிப்பது என்றால் நமக்கு 1857 சிப்பாய்க் கிளர்ச்சி நினைவுக்கு வரும். அங்கே பிரச்சினையான அதே பிரிட்டிஷ் என்ஃபீல்டு துப்பாக்கிதான், நாலு வருடம் கழித்து அமெரிக்காவில் இரு தரப்பும் கப்பல் கப்பலாக வாங்கியது. இந்தியச் சிப்பாய்கள் அஞ்சிய என்ஃபீல்டு தோட்டாவில் கொழுப்பு தடவிய காகிதத்தோடு சேர்த்துத்தான் குண்டை இறக்க வேண்டும். அமெரிக்கத் தோட்டாவில் கொழுப்பு குண்டின் பள்ளங்களில் இருக்கும். காகிதத்தை உரித்து எறிந்துவிடுவார்கள்.

கடிக்கும்போது கொஞ்சம் மருந்து நாக்கில் ஒட்டும். கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மிச்சம் கரியும் கந்தகமும். பத்துப் பதினைந்து தோட்டா கடித்தால் உதடு கறுத்து, வாய் உப்புக் கரித்து, நாக்கு வறண்டுவிடும். வடக்கு வீரனின் வாயில் கரித்த அந்த உப்பில் நம் பீகார் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1861 இறுதியில் வெடிமருந்து ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த லாமோட் டுபோன்ட் லண்டனுக்குப் போய் வடக்குப் படைக்காக வாங்கிக் குவித்தது இந்திய வெடியுப்பைத்தான். அந்த நேரம் பார்த்து வடக்குக் கடற்படை ‘டிரென்ட்’ என்ற பிரிட்டிஷ் கப்பலை மறித்துத் தெற்கின் தூதர்கள் இருவரைப் பிடிக்க, பிரிட்டன் சரக்கை வெளியே விடவில்லை. தூதர்களை விடுவித்த பிறகே உப்பு புறப்பட்டது.

கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை. புகையாகவும் கசடாகவும் நின்றுவிடும். நாலைந்து முறை சுட்டதும் குழலுக்குள் அப்பிக்கொள்ளும். அப்போதும் குண்டு சுலபமாக இறங்க வேண்டுமென்றால் அது குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். ஆனால் வெளியே வரும்போது குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளங்களை இறுக்கிப் பிடித்தால்தான் அது சுழன்று நேராகப் பறக்கும். போகும்போது தளர்வு, வரும்போது இறுக்கம். மினியே என்ற பிரெஞ்சு அதிகாரியின் பெயர் பெற்ற குண்டு இந்தச் சிக்கலை அவிழ்த்தது. அதன் அடிப்பக்கம் குழிவாக இருக்கும். மருந்து வெடித்ததும் வாயு அந்தக் குழிக்குள் அழுத்தி, மெல்லிய ஈய விளிம்பை விரித்துப் பள்ளங்களில் பதித்துவிடும். வீரர்களின் வாயில் மினியே ‘மின்னி’ ஆனது, ஏதோ வீட்டுப் பெண்ணின் பெயர்போல. மென்மையான அந்த ஈயம் எலும்பில் பட்டால் நசுங்கி விரிந்து, எலும்பைத் தூளாக்கிவிடும். கை கால்களை வெட்டி எடுப்பது அந்தப் போரின் அறுவைக் கூடாரங்களில் அன்றாட வேலையானதற்கு முக்கியக் காரணம் இதுவே.

1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் களத்தில் கிடந்த 27,574 துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். சுமார் 24,000 துப்பாக்கிகளில் குண்டு சுடாமல் இருந்தது. அவற்றில் பாதியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. ஒன்றில் 23! மருந்தைப் பற்றவைக்கும் செப்புக் கேப், தீபாவளிக்குப் பிள்ளைகள் அடிக்கும் பொட்டுவெடியின் உறவுக்காரன். அதைப் பொருத்த மறந்தாலோ அது நமத்துப்போனாலோ துப்பாக்கி வெடிக்காது. சுற்றிலும் ஆயிரம் துப்பாக்கி முழங்கும்போது தன்னுடையது வெடித்ததா என்று ஒருவனுக்கு எப்படித் தெரியும்? அடுத்த பொட்டலத்தைக் கடித்து அதன் மேலேயே இறக்கியிருப்பான்.

முதல் சண்டையிலிருந்து திரும்பியவன் வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் “யானையைப் பார்த்துவிட்டேன்” என்பான். கோயில் வாசலில் யானை பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்காது. அன்றைய அமெரிக்கக் கிராமத்தானுக்கு யானை என்பது சர்க்கஸ் வந்தால், வண்டி கட்டிப் போய்ப் பார்க்கும் அதிசயம். ஆசையோடு போய், பார்த்தது போதும் என்று திரும்புகிற அனுபவத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது.

பல்லுக்கு அடுத்த சோதனை சாப்பாடு. ‘ஹார்ட்டேக்’ என்பது மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்ட சதுர பிஸ்கட். ஒரு சாணுக்குப் பாதிகூட இராது, தடிமன் ஒரு சென்டிமீட்டருக்கு மேல். ஒருநாள் படி ஒன்பது அல்லது பத்து. நடுவில் ஆவி வெளியேற வரிசையாகத் துளைகள் இருக்கும். அதனால் உள்வரை காய்ந்துவிடும். ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சைக்கும் கிருமிக்கும் பிழைப்பில்லை. ஆனால் வண்டுக்கு அந்தத் தடை இல்லை. தின்ற மாவு உடலில் சிதையும்போது உண்டாகும் நீரே அதற்குப் பெரும்பாலும் போதும். ஆகவே வீரர்கள் வைத்த பெயர்கள்: ‘புழுக்கோட்டை’, ‘பல் மழுக்கி’, ‘இரும்புத்தகட்டு பிஸ்கட்’. துப்பாக்கிக் கட்டையால் உடைத்து, கொதிக்கும் காபியில் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டுகள் மேலே மிதக்கும். கரண்டியால் வழித்து எறிந்துவிட்டுக் குடிப்பார்கள். வண்டால் காபியின் ருசி கெடவில்லை என்று எழுதி வைத்தவர்களும் உண்டு.

அந்தக் காபி எத்தனை உயிரைக் காத்தது என்று யாரும் எண்ணவில்லை. காத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்குப்படி போரில் இறந்தவர்கள் 6,20,000 பேர். மூன்றில் இரண்டு பங்கு நோயால். அதில் வயிற்றுப்போக்கும் சீதபேதியும் முன்வரிசை. விரைநடைக்கான ராணுவச் சொல்லான ‘குயிக்ஸ்டெப்’தான் வயிற்றுப்போக்குக்கும் முகாமில் பெயர். கழிப்பிடத்துக்குப் பக்கத்து ஓடையிலேயே தண்ணீர் மொண்டார்கள். நீரில் கிருமி இருக்கும் என்பது அன்றைய முகாம் மருத்துவர்களுக்கே தெரியாது. காபிக்காகக் கொதிக்கவைத்தபோது மட்டும், தெரியாமலே கிருமியைக் கொன்றார்கள். வடக்கு வீரனுக்கு ஆண்டுக்குச் சுமார் 16 கிலோ காபி படியாகக் கிடைத்தது.

தெற்கில் அதுவும் இல்லை. வடக்குக் கடற்படை துறைமுகங்களை அடைத்துவிட்டதால் ஓக் மரக் கொட்டை, சிக்கரி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று கிடைத்ததையெல்லாம் வறுத்துக் குடித்தார்கள். புகையிலை மட்டும் அவர்களிடம் தாராளம். வர்ஜீனியாவின் ரப்பஹானக் ஆற்றின் இரு கரையிலும் காவல் நின்றவர்கள், அதிகாரி பார்க்காத நேரத்தில், பலகையில் சின்னப் படகு செய்து புகையிலையை ஏற்றி, காற்று பார்த்துப் பாய் கட்டித் தள்ளிவிடுவார்கள். எதிர்க்கரைக்காரன் புகையிலையை எடுத்துக்கொண்டு, காபிக்கொட்டைப் பையை வைத்து, பாயைத் திருப்பிக் கட்டி அனுப்புவான்.