நிரல் நின்றுவிட்டதா? முதலில் எஸ்கேப் விசை

பழைய கணக்கு நிரல்களைப் பராமரிப்பது என் தொழில். "நிரல் நின்றுவிட்டது" என்று வரும் அழைப்புகளில் பலவற்றில் நிரலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விண்டோஸ் 10-இல், கட்டளைகளைத் தட்டச்சு செய்து நிரல்களை ஓட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்துக்கு 'குயிக் எடிட்' என்ற வசதி இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது. கறுப்புத் திரையில் மவுஸ் தெரியாமல் ஒரு முறை பட்டால் போதும். எழுத்தை நகலெடுக்கப் போகிறீர்கள் என்று எண்ணி, சாளரம் நிரலை நிறுத்திவைத்துவிடும். தலைப்புப் பட்டையில் பெயருக்கு முன்னால் 'செலக்ட்' என்று வந்திருக்கும். எஸ்கேப் விசையை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். இதை அறியாமல் சாளரத்தையே மூடுகிறார்கள். பாதி எழுதப்பட்ட தரவுக் கோப்பின் இண்டெக்ஸ், அதாவது பதிவுகளைத் தேடியெடுக்க உதவும் பட்டியல், கெட்டுப்போகிறது. உண்மையான பழுது அதற்குப் பிறகுதான்!

இந்த வசதியை அந்த நிரலின் ஷார்ட்கட்டில் மட்டும் எடுத்துவிடுங்கள். ஷார்ட்கட்டை வலச்சொடுக்கி, 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'குயிக் எடிட்' குறியை நீக்கினால் முடிந்தது. பக்கத்திலேயே 'லேஅவுட்' இருக்கிறது: அதில் சாளரத்தின் அகலத்தை 80 எழுத்து, உயரத்தை 25 வரி என்று வையுங்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து வழக்கப்படி எழுதப்பட்ட பல நிரல்கள் இந்த அளவைத்தான் எதிர்பார்க்கின்றன. மாறினால் கட்டங்கள் கலைந்துவிடும்.

வண்ணத்தை அலங்காரம் என்று ஒதுக்காதீர்கள். நடப்புக் கணக்குக்கும் பயிற்சிக் கணக்குக்கும் ஒரே கறுப்புத் திரை இருந்தால், பயிற்சிப் பில் நடப்பில் ஏறிவிடும். நிரலைத் தொடங்கும் பேட்ச் கோப்பின் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) முதல் வரியில் 'color 17' என்று எழுதினால் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. முதல் இலக்கம் பின்னணி, அடுத்தது எழுத்து. இரண்டும் ஒன்றாக இருந்தால் கட்டளை எதையும் மாற்றாது. தனக்கென்று வண்ணம் தீட்டிக்கொள்ளும் நிரல்களிடம் மட்டும் இது செல்லாது.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும்போது தானாக ஓடும் 'ஆட்டோரன்' மதிப்பில் கட்டளைகளை எழுதிவைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைத் தொடுவதில்லை. அங்கே எழுதியது ஒரு நிரலோடு நிற்காது. பின்னணியில் வேறு மென்பொருள்கள் திறக்கும் கமாண்ட் பிராம்ப்டிலும் ஓடும். அதில் கோப்புறையை மாற்றும் கட்டளை இருந்தால், சம்பந்தமே இல்லாத பேக்கப் நிரல் தன் கோப்பைத் தவறான இடத்தில் தேடும். தீய நிரல்களும் அங்கே ஒளிவதுண்டு. ஆகவே நீங்கள் எழுதாத வரி அங்கே இருந்தால் விசாரியுங்கள்.

டாஸ் காலத்துப் பழைய 16 பிட் நிரல் என்றால் இவை எதுவும் உதவாது. 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே மறுக்கும். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் வைத்து ஓட்டிப் பாருங்கள், பிரிண்டர் வேலை செய்கிறதா என்பதை முதல் நாளே சோதித்துக்கொண்டு.