கருத்தியல்: வசைச்சொல்லாகிப்போன ஓர் அறிவியல்

'ஐடியாலஜி' என்றால் இன்று கட்சியும் கொடியும்தான் நினைவுக்கு வருகின்றன. சொல்லைப் படைத்தவரோ விலங்கியலுக்குள்ளே அதற்கு இடம் தேடினார்.

பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சி நாட்களில் தெஸ்த்து த ட்ரேசி என்ற பிரபு, சிறையில் கிடந்தபடி லாக், கோந்தியாக் ஆகிய தத்துவவாதிகளைப் படித்தார். தலை தப்பி வெளியே வந்தவர், 1796இல் பாரிஸின் தேசியக் கழகத்தில் புதிய துறை ஒன்றுக்குப் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'ஐடியா' என்பது வடிவம், தோற்றம். 'பார்த்தல்' என்னும் வினையோடு உறவுடையது. 'லோகியா' ஆய்வைக் குறிக்கும். புலன்களிலிருந்து எண்ணங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று ஆராய்வதே ஐடியாலஜி.

சொல்லைக் கெடுத்தவன் நெப்போலியன். முதலில் ட்ரேசியோடும் அவர் வழி வந்த அறிஞர்களோடும் குலவியவன், ஆட்சியைப் பிடித்ததும் அவர்களைக் 'கனவில் மிதப்பவர்கள்' என்று எள்ளினான். 1812இல் ரஷ்யாவில் படையைப் பறிகொடுத்துத் திரும்பியபோது, நாட்டின் கேடுகளுக்கெல்லாம் ஐடியாலஜியே காரணம் என்றான். தோற்ற தளபதிக்குப் பழி போட ஆள் வேண்டுமே!

1845-46இல் மார்க்சும் எங்கெல்சும் அந்த ஏளனத்தைக் கோட்பாடாக்கினார்கள். இருட்டறையின் சிறு துளை வழியே வரும் ஒளி, வெளியே நிற்கும் மரத்தைச் சுவரில் தலைகீழாக விழச்செய்யும். ஐடியாலஜியில் மனிதரும் அவர்களின் உறவுகளும் அப்படித்தான் தெரிகின்றன என்றார்கள். லெனினோ 1902இல் 'சோசலிச ஐடியாலஜி' என்று கூசாமல் எழுதினார். வசை போய், அவரவர் ஏந்தும் பதாகையானது சொல்.

ஐடியாலஜிக்குத் தமிழில் என்ன சொல்வது? முதலில் கைக்கு வருவது 'சித்தாந்தம்'. நிறுவப்பட்ட முடிவு என்பது அதன் வடமொழிப் பொருள். சைவ சித்தாந்தத்துக்குப் பொருந்தும். ஐடியாலஜியோ பல வேளைகளில் யாரும் நிறுவாமலே உள்ளே குடியிருப்பது. 'கொள்கை' கொள்ளப்படுவது, அறிந்தே ஏற்பது, அதுவும் போதாது. 'கருது' என்னும் வினையிலிருந்து வந்த கருத்தோடு இயல் சேர்ந்த 'கருத்தியல்' என் தேர்வு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இது ட்ரேசியின் அறிவியலுக்கே அச்சாகப் பொருந்துகிறது, இன்றைய பொருளுக்கு அல்ல என்பது வேடிக்கை. ஆனாலும் புழக்கம் பொருளை நிரப்பிவிட்டது.

'வீட்டு வேலையில் மனைவிக்கு உதவுகிறான்' என்று பாராட்டிச் சொல்கிறோம். வேலை அவளுடையது என்று யாரும் வாதிடவில்லை. 'உதவுகிறான்' என்ற வினையே அதை முடிவு செய்துவிட்டது. அது எந்தக் கட்சியின் கொள்கையும் அல்ல, கருத்தியல்.